துண்டுக்குள்ளே ரெண்டடி

அந்த மனுசன் என்னை ஏமாத்திட்டாரு தம்பி. பட்டப்பகல்ல, ஊர் ஜனம் அத்தனையும் பார்த்துக்கிட்டு நிக்கையில, இந்த ஒச்சப்பனை ஏமாத்திட்டாரு. எப்படி ஏமாத்தினாருன்னு கேளுங்க. நான் சொன்னதுக்கு ஒத்துக்கிட்டாரு.

சிரிக்காதீங்க. சிரிப்பு காட்டவா இந்தக் கதவைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வர்றேன்? கொஞ்சம் காலை அந்தப் பக்கம் நகட்டி வைங்க, கதவோட முனை உங்க செருப்பு மேல நிக்குது. தேக்கு. நல்ல கனம். பழைய பங்களா ஒண்ணை இடிக்கும்போது நாள் முழுக்க நின்னு பேசி வாங்கின கதவு. பேச்சுச் சத்தம் தாங்காம அந்த மேஸ்திரி, "எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்கண்ணே"ன்னு பூட்டையும் சேர்த்துக் குடுத்துட்டாரு. சாவி மட்டும் இல்லை.

கண்டக்டர் கதவுக்கு லக்கேஜ் போடணும்னாரு. "இது லக்கேஜ் இல்லைய்யா, என்கூட வர்ற சாட்சி"ன்னேன். "அப்ப முழு டிக்கெட்டா?"ன்னாரு. "கீழ்ப்பாதி ஊறிப்போச்சு, மேல்பாதிதான் நல்லா இருக்கு, அரை டிக்கெட் போடுங்க"ன்னேன். போட்டுட்டாரு. இந்தா பாருங்க, அரை டிக்கெட். பேசினா நடக்கும். பேசாம நடந்தாத்தான் பயப்படணும்.

நமக்குக் கள்ளிப்பாறை. இந்த பஸ் கடைசியாப் போய்த் திரும்புற ஊர். ஆட்டு வியாபாரி ஒச்சப்பன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல குட்டி ஆடு கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் பள்ளிக்கூடம் போனது மத்தியானச் சோத்துக்கு. படிச்சது பூராவும் சந்தையில. அடி வாங்கிப் படிச்சது. ஒருத்தன் நொண்டி ஆட்டை என் தலையில கட்டினான். இன்னொருத்தன் கிழட்டு ஆட்டுக்குப் பல்லைத் தேய்ச்சுவிட்டு இளங்கிடான்னு வித்தான். அதுக்கப்புறம்தான் புத்தி வந்தது. முதல்ல ஒருத்தன் சொல்ற விலை விலையே இல்லை தம்பி. அது வணக்கம் சொல்ற மாதிரி. பதிலுக்கு நாம ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா மரியாதை இல்லை.

எங்க தொழில்ல வாயால பேரம் பேச மாட்டோம். கை மேல துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிச்சுப் பேசுவோம். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு. வெளியில நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒத்து வந்ததும் துண்டை ஒரே உருவா உருவுவோம். உருவிட்டா முடிஞ்சது. அப்புறம் ஆடு செத்து விழுந்தாலும் பேச்சு மாறக் கூடாது. மாத்தினவனை அடுத்த சந்தையில ஒருத்தன் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். இந்தச் சட்டத்தை ஊருக்குள்ள எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவனே நான்தான். பந்தல்காரன், மேளக்காரன், போர் போடுற வண்டிக்காரன், யார் வந்தாலும் ஊர் சார்பாப் பேசுறது நான். "மாமா, துண்டை எடுத்துக்கிட்டு வாங்க"ன்னு ஆள் வந்துரும்.

அணைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாங்க.

பெரிய அணைன்னு நினைச்சுக்காதீங்க. எங்க ஓடையில வருசத்துல பாதி நாள் மணல்தான் ஓடும். மழை பேஞ்சா, மலையில விழுந்தது மொத்தமும் ஒண்ணா இறங்கி வந்து கீழத்தெருவை வழிச்சுக்கிட்டுப் போயிரும். அண்டா போகும், கோழிக்கூடு போகும். ஒரு தடவை சீனிச்சாமி வீட்டுக் கல்யாண போட்டோ போச்சு, கண்ணாடி பிரேமோட. அவன் பொஞ்சாதி அதுக்கு மட்டும் அழலை. வந்த வெள்ளம் வடிஞ்சா, மறுபடி குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்கு அலையணும். அதனால ரெண்டு பக்கமும் நிக்கிற கரட்டுக் குன்றுக்கு நடுவுல ஓடையை மறிச்சு ஒரு மண் கரை போடுறதுன்னு சர்க்காருல முடிவு பண்ணினாங்க. வெள்ளத்தைத் தாங்கும், தண்ணியையும் தேக்கும்.

அதுக்கு வந்தவர்தான் இந்த இன்ஜினியர். பேரு சொல்ல மாட்டேன். கோபத்துல சொன்ன பேரு நாக்குலயே ஒட்டிக்கும். ஒல்லியான ஆளு. மூக்குக் கண்ணாடி. வெயிலுக்குத் தலையில கைக்குட்டை. ஒரு மூணுகால் கருவியை நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்ப்பாரு. எந்நேரமும் மரியாதையாப் பேசுவாரு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

ஓடைக்குள்ள ஊரைக் கூட்டி வச்சு விளக்கினாரு. "கரை பதினாலடி உயரம் வரும். கலுங்கு ஒன்பதடியில வரும்"னாரு. கலுங்குன்னா, அணை நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி வழிஞ்சு போறதுக்குக் கல்லுல கட்டுற இடம். தண்ணி அந்த மட்டத்துக்கு மேல நிக்காது.

நான் எந்திரிச்சேன். "சார், மண்ணைப் பதினாலடிக்குக் கொட்டுறீங்க. தண்ணி நிக்கிறது ஒன்பதடி. மிச்சம் அஞ்சடி என்ன ஆச்சு?"

"அது சும்மா இருக்கணும்ங்கய்யா. பெரிய வெள்ளம் வந்தா கலுங்கு மேல தண்ணி ஏறித்தான் போகும். கரை மேல வழிஞ்சா மண் கரைஞ்சு உடைஞ்சிரும். அதுக்காக விடுற இடம்."

சும்மா இருக்கணுமாம்! எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "ஏன் சார், நான் சந்தையில ஒரு கிடாவை வாங்கிட்டு, முன்னங்காலு மட்டும் போதும், பின்னங்காலு சும்மா அங்கேயே இருக்கட்டும்னு விட்டுட்டு வருவேனா?"

ஊரே சிரிச்சது. சீனிச்சாமி விசில் அடிச்சான். சீனிச்சாமி யாருன்னா, எனக்கு மருமகன் முறை, கீழத்தெருக்காரன், வெவரமில்லாத பய. ஓடைக்கு மேல்பக்கம் அவனுக்கு இருந்த பள்ளத்து நிலத்தை வீடு கட்ட எனக்கு வித்தவன், நான் சொன்ன பாதி விலைக்கு மறு பேச்சு இல்லாமச் சரின்னவன். பேரம் பேசத் தெரியாத மனுசன், பாவம்.

"கலுங்கைப் பதிமூணுல வைங்க சார்"னேன்.

"முடியாதுங்கய்யா."

"பன்னெண்டரை."

"ஐயா, இது விலை இல்லைங்க. உயரம்."

"எல்லாம் ஒண்ணுதான் சார். நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் ஒண்ணு சொல்றேன்."

அவரு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைச்சாரு. "தரை தட்டையா இருக்குங்கய்யா. கலுங்கை ஒரு அடி ஏத்தினாலும் தண்ணி பின்பக்கமா ரொம்ப தூரம் பரவும். மேல்பக்கம் இருக்கிறது உங்க வீடு ஒண்ணுதான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பார்த்தீங்களா? உங்க நல்லதுக்குன்னு ஆரம்பிச்சாரு. நொண்டி ஆட்டை வித்தவன் இதையேதான் சொன்னான். பல்லைத் தேய்ச்சு வித்தவன் இதைச் சொல்லி என் தோள்லயும் தட்டினான். அந்த வார்த்தை காதுல விழுந்ததும் நான் விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். தோள்ல கிடந்த துண்டை எடுத்தேன், அவரு கை மேல போட்டேன், நாலடி ஏத்தணும்னு உள்ளே நாலு விரலைச் சேர்த்துப் பிடிச்சேன்.

அவருக்குக் கூச்சம். நெளியிறாரு, சிரிக்கிறாரு, கண்ணாடி மூக்குநுனிக்கு வந்திருச்சு. "ஐயா விடுங்க, ஐயா விடுங்க"ங்கிறாரு. சிரிக்கிறவன் இறங்கி வர்றான்னு எங்க தொழில்ல அர்த்தம். நாலை மூணாக்கினேன். கையை இழுத்தாரு. மூணை ரெண்டாக்கினேன்.

சிரிப்பு நின்னுருச்சு. ஆகாசத்தைப் பார்த்து மனசுக்குள்ள என்னமோ கூட்டிக் கழிச்சாரு. "ரெண்டடியா? கலுங்கோட நீளத்தை அதிகப்படுத்திட்டா கரைக்கு ஆபத்து இல்லை. கீழே உள்ளவங்களுக்கும் நல்லதுதான். ஆனா ஐயா, உங்க வீடு…"

நான் துண்டை உருவிட்டேன்.

ஆகா, அந்த நிமிசம் இருக்கே தம்பி! ரெண்டடி கேட்டு ரெண்டடியும் கிடைச்சது, போதாததுக்குக் கலுங்கு நீளம் வேற கொசுறு. ஊர் கைதட்டுது. சீனிச்சாமி என்னை அப்படியே தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான். கூட்டத்துல ஒருத்தி மட்டும் கை தட்டலை. என் வீட்டுக்காரி பவுன்தாய்தான்.

"ஏங்க, நம்ம வீடு பள்ளத்துலதானே இருக்கு?"

"தொழில் பேசும்போது குறுக்கே பேசாதே."

"தொழிலைப் பேசலை, வாசலைப் பேசுறேன்."

"நீ வீட்டுக்குப் போடி"ன்னேன்.

"இருக்கிற வரைக்கும் போறேன்"னு சொல்லிட்டுப் போனா. அன்னைக்கு அதுக்கு அர்த்தம் புரியலை.

அந்த இன்ஜினியரு அத்தோட விட்டாரா? ஊரு முன்னாடி, "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, சம்மதந்தானா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. நான் சிரிச்சுக்கிட்டே நின்னேன். வித்தவன் பேரம் முடிஞ்ச பிறகு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, யோசிச்சுக்கங்கண்ணே யோசிச்சுக்கங்கண்ணேன்னு பின்னாடியே வந்தான்னா, நாம நல்ல பேரம் பேசியிருக்கோம்னு அர்த்தம். சந்தைக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான்.

கொஞ்ச நாள் கழிச்சு அந்த மூணுகால் கருவியோட என் வீட்டுக்கே வந்தாரு. வாசல்ல நின்னு ஒரு கண்ணால பார்த்தாரு. அப்புறம் சிவப்புப் பெயிண்டை எடுத்து என் கதவுல, இதே கதவுதான், முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு போட்டாரு. இந்தா, இதுதான். தொட்டுப் பாருங்க, இன்னும் அழியலை.

"ஐயா, அணை நிறைஞ்சா தண்ணி இது வரைக்கும் வரும்"னாரு.

"வரட்டும் சார், டீ சாப்பிடுங்க"ன்னேன்.

"நிசமாத்தான் சொல்றேங்கய்யா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பழைய அளவுக்கே இறக்கிடுறேன்."

நான் அசருவேனா? துண்டை உருவின பிறகு பயமுறுத்தி ஆட்டைத் திருப்பி வாங்குறது பழைய தந்திரம். டீயைக் குடுத்து, முறுக்கைக் குடுத்து அனுப்பி வச்சேன். அந்தக் கோடு இருக்கே, அது எனக்கு ஒரு மரியாதையாத்தான் பட்டது. ஊருல வேற எவன் வீட்டுக் கதவுல சர்க்கார் வந்து கோடு போட்டிருக்கு? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதுக்கு மேல மஞ்சளும் குங்குமமும் வச்சேன். பவுன்தாய் பார்த்துட்டு, "வெட்டப் போற ஆட்டுக்கும் இப்படித்தான் வைப்பாங்க"ன்னா. அவ வாய் அப்படி.

சும்மா சொல்லக் கூடாது, கரையை நல்லாத்தான் போட்டாங்க. நடுவுல களிமண்ணு, ரெண்டு பக்கமும் செம்மண்ணு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ரோலரை ஓட்டினாங்க. ஒரு அடுக்கு மண்ணைக் கொட்டி ரோலரு போகும், வரும், போகும், வரும். எனக்குத் தலையைச் சுத்துச்சு. "சார், இத்தனை நடை எதுக்கு? பாதி போதும்"னேன். துண்டையும் எடுத்தேன். அன்னைக்கு அந்த மனுசன் முகமே மாறிப்போச்சு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு. "இதுல ஒரு நடை குறையாது. இந்தக் கரைக்குக் கீழே ஒரு தெரு இருக்கு. நீங்க போங்க"ன்னாரு. போங்கன்னாரு தம்பி, என்னை!

பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கு அவரு மேல எனக்கு மதிப்பு வந்திருச்சு. முடியாதுன்னு சொல்லத் தெரியிற ஆளுதான். அதுதான் எனக்கு இப்ப வயிறு எரியுது. ரோலர்னதும் முதுகுக்குப் பின்னால போன கை, கலுங்குன்னதும் ஏன் போகலை? கீழத்தெருன்னா முடியாது. ஒச்சப்பன் வீடுன்னா சரி. இது என்ன நியாயம்? நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க.

சரி, சொல்ல வேணாம். கடலை சாப்பிடுங்க. ஏம்ப்பா கடலை, இங்கே குடு. என்ன, பொட்டலம் மெலிஞ்சு கிடக்கு? இன்னொரு கை போடு. போடுப்பா. ஆங்.

ஐப்பசியில மழை பிடிச்சது. அடைமழை. காலையில கண்ணு முழிச்சுக் கட்டில்ல இருந்து காலை இறக்கினேன். சில்லுன்னு இருக்கு. பார்த்தா தரை பூராத் தண்ணி. "ஏய் பவுனு! காலங்காத்தால குடத்தைச் சாய்ச்சிட்டியா?"ன்னு கத்தினேன்.

மாடிப்படியில உக்கார்ந்திருந்தா. கையில காப்பி. "ஆமா, ஓடையைத் தூக்கிட்டு வந்து சாய்ச்சிட்டேன். உங்க ரெண்டடி வீடு தேடி வந்திருக்கு, எந்திரிச்சு 'வாங்க வாங்க'ன்னு சொல்லுங்க"ன்னா.

என் ஒரு செருப்பு சாமி படத்துப் பக்கமாப் போய்க்கிட்டு இருக்கு. இன்னொண்ணைக் காணோம். அப்புறம் என் ஆடுக! தீபாவளிக்குன்னு பிடிச்சு வச்ச ஆடு, தொழுவம் பூரா நிக்குது தம்பி. ஆட்டுக்குத் தண்ணின்னாலே ஆகாது, மழைத்தூறல் விழுந்தாலே வீட்டைப் பார்த்து ஓடும். அத்தனையும் முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு என்னைப் பார்த்துக் கத்துது. ஒண்ணொண்ணாத் தூக்கி மாடியில ஏத்தினேன். பெரிய கிடா ஒண்ணு இருக்கு, அது படியேற மாட்டேன்னுடுச்சு. நானும் அதுவும் படியில நின்னு பேரம் பேசினோம். அகத்திக் கொழையைக் காட்டினேன், ஒரு படி ஏறுச்சு. இன்னொரு கொத்து காட்டினேன், இன்னொரு படி. பாதியில கொழை தீர்ந்து போச்சு. அது திரும்பிக் கீழே பார்த்துச்சு, தண்ணியைப் பார்த்துச்சு, என்னை ஒரு முட்டு முட்டித் தள்ளிட்டு மேலே போயிருச்சு. தண்ணிக்குள்ள மல்லாக்க விழுந்து கிடக்கேன், அப்பத்தான் மேளச் சத்தம் கேக்குது.

என்னடான்னா, கலுங்கு பாயுது. முதல் தடவை கலுங்கு பாஞ்சா, அதுக்குக் காரணமான ஆளுக்கு மாலை போட்டு மரியாதை பண்றது எங்க பக்கத்துப் பழக்கம். ஊரே மேளத்தோட வருது. கீழத்தெருவுல ஒரு சொட்டு வெள்ளம் இல்லையாம், ஒரு கோழி போகலையாம், வத்திக் கிடந்த கிணத்துல எல்லாம் ஊத்து பிடிச்சிருச்சாம். சீனிச்சாமிதான் முன்னாடி. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு என் வீட்டுக் கூடத்துக்குள்ள தண்ணியைக் கலக்கிக்கிட்டு வந்து மாலையைப் போட்டான். "ரெண்டடி மாமா!"ன்னு கத்தினான். "வாழ்க!"ன்னு வெளியில எல்லாரும் கத்துறாங்க. தோளுக்குப் புதுத் துண்டு வேற.

எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியலை. கும்பிட்டேன். கொஞ்சம் சந்தோசமாக் கூட இருந்துச்சுன்னு வச்சுக்கங்களேன். மாடியில இருந்து பவுன்தாய் எட்டிப் பார்த்து, "மாலையை நனைய விடாதீங்க, அது ஒண்ணாவது காயட்டும்"னா.

மழை விட்டுச்சு, வெயில் அடிச்சுச்சு. தண்ணி வடியும்னு பார்த்தா வடியலை. எப்படி வடியும்? நான்தான் கலுங்கை ரெண்டடி உசத்திக் கட்ட வச்சிருக்கேனே. இப்ப நாங்க இருக்கிறது மாடியில. ஆடும் நாங்களும். ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் அடுப்பு, நடுவுல ஒரு சேலை. அடித்தரை சேறாயிருச்சு, காலை வச்சா இழுக்குது; வெளியில போகணும்னா பிரியாணி அண்டாவுல உக்கார்ந்துதான் போகணும். துடுப்புக்கு முறம். அண்டா நேராப் போகாது தம்பி, சுத்திச் சுத்திப் போகும். கரை சேர்றதுக்குள்ள ஊரை நாலு பக்கமும் பார்த்திரலாம். கரை மேல உக்கார்ந்து சின்னப் பயலுக வேடிக்கை பார்க்கிறானுக. பவுன்தாய்க்கு ஒண்ணும் குறையில்லை. சன்னல் வழியாத் தூண்டில் போட்டு ஜிலேபி மீனைப் பிடிக்கிறா. "வாழ்க்கையில முதல் தடவையா நீங்க பேரம் பேசாம வீட்டுக்கு மீன் வந்திருக்கு"ங்கிறா.

ஊரைக் கூட்டினேன். "ஏப்பா, கலுங்கை ரெண்டடி இறக்கிருவோம், என் வீடு முழுகிப் போச்சுல்ல"ன்னேன்.

சீனிச்சாமி மெதுவா எந்திரிச்சான். "மாமா, துண்டை உருவியாச்சே."

"அதனால என்னடா?"

"ஆடு செத்து விழுந்தாலும் பேச்சு மாறக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? என் கல்யாணத்துப் பந்தல்காரன், காத்துல பந்தல் போச்சு, கூடக் கொஞ்சம் குடுங்கன்னு அழுதானே, அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

இந்தப் பயலை வெவரமில்லாதவன்னு நினைச்சிருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சரிடா, அப்ப புதுசாப் பேசுவோம். வா"ன்னு துண்டை விரிச்சு, கையை உள்ளே நீட்டினேன். அவன் கையை நீட்டலை. பக்கத்துல இருந்தவனைப் பார்த்தேன். அவன் கையை மடியில வச்சுக்கிட்டான். ஒவ்வொருத்தர் முன்னாடியும் துண்டைக் கொண்டு போனேன். ஒரு விரலு வரலை. என் ஆயுசுல முதல் தடவை தம்பி, துண்டுக்குள்ள என் கை மட்டும் இருந்துச்சு. ஈரத்துண்டு வேற.

அவங்க என்னைக் கை விட்டாங்கன்னு சொல்ல முடியாது. சீனிச்சாமியே கேட்டான். "மாமா, மேட்டுல எங்க அப்பாரு இடம் கிடக்கு. பள்ளத்து இடத்துக்குப் பதிலா அதை எடுத்துக்கங்க. ஊர் ஆளுக எல்லாம் சேர்ந்து வீட்டைக் கட்டித் தர்றோம்."

"எவ்வளவு இடம்?"

"எவ்வளவு வேணும்?"

"ரோட்டைப் பார்த்த பக்கமா வேணும்."

"எடுத்துக்கங்க."

"கிணத்தோட வேணும்."

"எடுத்துக்கங்க மாமா."

எனக்குச் சந்தேகம் வந்திருச்சு. கேட்கக் கேட்கச் சரிங்கிறானே, அப்ப அந்த இடத்துல என்னமோ இருக்கு. ஒரே பேச்சுல ஒத்துக்கிட்டா அதுல வில்லங்கம் இருக்கு. நான் ஒரு தடவை ஏமாந்தவன், மறுபடி ஏமாறுவேனா? "வேணாம் போடா"ன்னு சொல்லிட்டு அண்டாவுல ஏறிட்டேன். பவுன்தாய் கிட்டச் சொன்னேன். எந்திரிச்சு சேலைத் தடுப்புக்கு அந்தாண்ட, ஆட்டுப் பக்கமாப் போய்ப் படுத்துக்கிட்டா. இன்னும் இந்தப் பக்கம் வரலை.

அப்புறம்தான் அந்த இன்ஜினியருக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "ஐயா, நல்லா இருக்கீங்களா?"ங்கிறாரு. எப்படி இருக்கும் எனக்கு?

"சார், என் வீட்டைத் தண்ணியில முக்கிட்டீங்களே!"

"கோடு வரைக்கும்தானே ஐயா வந்திருக்கு? அதுக்கு மேல வரலையே?"ன்னு அக்கறையா விசாரிக்கிறாரு.

"கோடு வரைக்கும்தான்."

"நல்லதுங்கய்யா. நான் முதல்ல ஒன்பதடி வச்சதே உங்க வீட்டுக்காகத்தான். உங்க வாசப்படியை ஒட்டி, ஆனா படாம நிக்கும்படி அளந்து அளந்து வச்சேன். இல்லைன்னா அன்னைக்கே பதினொண்ணு வச்சிருப்பேன்."

"இதை ஏன்யா அன்னைக்கே சொல்லலை?"

"சொன்னேங்கய்யா. ஓடையில சொன்னேன். ஊரு முன்னாடி சொன்னேன். உங்க கதவுலயே எழுதினேன்."

சொன்னாராம்! சொன்னாப் போதுமா தம்பி? பேரம்னா சொல்றதா? நான் ரெண்டு விரலைப் பிடிச்சா, அவரு ஒண்ணை மடக்கணும். நான் ஒத்தையைப் பிடிச்சா, அதையும் உதறணும். கத்தணும், துண்டைப் பிடுங்கி எறியணும், போய்யான்னு கிளம்பணும், நான் பின்னாலயே ஓடிப் போய்க் கூப்பிடணும். அதுதான் மரியாதை. எதிராளி கெட்டிக்காரனா இருப்பான்னு நம்பித்தானே நான் நாலு விரலைப் பிடிச்சேன்? எனக்கா வேணும் பதினொண்ணு? என்னை ஜெயிக்க விட்டுட்டாரே தம்பி, அதுதான் அவரு செஞ்ச துரோகம்.

அதுக்குத்தான் கதவைக் கழட்டினேன். ஊறிப்போய் மூடவும் வரலை, தொறக்கவும் வரலை. இங்கே பாருங்க. இது அவரு போட்ட கோடு. இது தண்ணி நின்ன கறை. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ந்திருக்கு. ஒரு நூல் கூட ஏறலை, இறங்கலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? தண்ணி எங்கே வரும்னு அந்த மனுசனுக்கு அச்சரம் பிசகாம முன்னாலேயே தெரிஞ்சிருக்கு! அவரு மேலதிகாரி மேசையில இந்தக் கதவைச் சாத்தி வச்சுக் கேக்கப் போறேன். கோட்டைப் பாருங்க, கறையைப் பாருங்க, உங்க ஆளு எப்பேர்ப்பட்ட ஆளுன்னு நீங்களே பாருங்கன்னு.

ஏன் இப்படி முழிக்கிறீங்க? சாட்சி சரியாத்தானே இருக்கு?

அந்தா, மஞ்சக் கட்டடம் தெரியுது பாருங்க, அதுதான் அவரு ஆபீஸ். யோவ் கண்டக்டரே, நிறுத்துய்யா! ஸ்டாப் இல்லையா? அரை டிக்கெட்டுக்கு அரை ஸ்டாப்பாவது நிறுத்துய்யா. தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. மெதுவா, மெதுவா. குங்குமம் அழிஞ்சிரப் போகுது.

அந்தா நிக்கிறாரு பாருங்க, படியில, கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு. என்னைப் பார்த்துட்டு உள்ளே போகப் பார்க்கிறாரு. சார்! ஓடாதீங்க சார்! நில்லுங்க! கதவோட வந்திருக்கேன், இன்னைக்கு நீங்க பதில் சொல்லாம நான் போறதில்லை. கலுங்கை ரெண்டடி இறக்கணும். ரெண்டடி! முடியாதா? சரி, ஒண்ணே முக்கால். முதல் படி நனைஞ்சா நனையட்டும். அதுவும் முடியாதா? ஒண்ணரை, அதுக்குக் கீழே ஒரு விரக்கடை இறங்க மாட்டேன். கையை நீட்டுங்க சார், இந்தா துண்டு, காய்ஞ்ச துண்டு. கூச்சப்படாதீங்க. நான் பிடிச்ச விரலை மடக்குங்க. திட்டுங்க. பேச்சை உதறிட்டுப் போங்க, நான் பின்னாலயே வந்து கூப்பிடுறேன். எப்படியோ, இன்னைக்காவது என்கிட்ட ஒழுங்காப் பேரம் பேசி, என் வீட்டு வாசலை எனக்குத் திருப்பிக் குடுங்க சார்!